மொழி கற்றவரும் மூடிய கதவும்

முதுமையில் ஒருவர் வேற்றுமொழியின் அரிச்சுவடியைக் கையில் எடுப்பது எளிய செயல் அன்று. அமெரிக்காவிற் குடியேறியோர்க்கு அதைச் சட்டமே விதித்தது. குடியுரிமை வேண்டுவோர் ஆங்கிலம் பேச வல்லவராதல் வேண்டும் என்றது 1906-ஆம் ஆண்டுச் சட்டம். பகலெல்லாம் ஆலைகளில் உழைத்தோர், இரவுப் பள்ளிகளில் எழுத்துக் கூட்டிப் படித்தனர்.

மொழி கற்றால் மட்டும் போதுமாயிற்றா? ஜப்பானிற் பிறந்த தகாவோ ஓசாவாவை நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. அவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு பயின்றவர். இல்லத்திலும் ஆங்கிலமே வழங்கியவர். 1922-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய ஒழுக்கத்தையும் கல்வியையும் ஒப்புக்கொண்டது. ஆயினும், வெள்ளையர் அல்லர் என்று குடியுரிமையை மறுத்தது. 1790-ஆம் ஆண்டு முதற்கொண்டு வந்த நிறத்தடை அது. 1936-இல் அவர் மறைந்தார்.

1952-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை நீக்கியது. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற விதி அதிலும் இருந்தது. ஆனால், 50 வயதைக் கடந்து, 20 ஆண்டுகள் அங்கு வாழ்ந்திருந்தோர்க்கு அச்சட்டம் விலக்களித்தது. நரைத்த தலையினரான ஜப்பானியர் பலர், அந்நாட்டு வரலாற்றையும் அரசியலமைப்பையும் தம் மொழியிலேயே கற்றுக் குடிமக்களாயினர்.

மொழியைக் கற்பது வந்தவர் கடமை. கதவைத் திறப்பதோ நாட்டின் கடமை. ஓசாவா தம் கடமையை முன்னரே முடித்திருந்தார்.