தேர்தலின் தூய்மையும் வாக்குரிமைப் பறிப்பும்: அமெரிக்கத் தென் மாநிலக் கட்சி அரசியல் பற்றிய ஒரு நோக்கு

தேர்தல் மோசடி பற்றிய கூக்குரல் ஐக்கிய அமெரிக்க அரசியலுக்குப் புதியதன்று. 2020ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலிலே தோல்வியுற்ற தரப்பினர் அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தொடுத்தமையும், அவை ஏறத்தாழ அனைத்தும் தோல்வியில் முடிந்தமையும், 2021 ஜனவரி 6ஆந் திகதி காங்கிரஸ் கட்டடம் தாக்கப்பட்டமையும் யாவரும் அறிந்தவை. இந்நிகழ்ச்சிகளை ஒரு தனிமனிதரின் குணவியல்பு கொண்டு விளக்க முற்பட்டோர் பலர். வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து அவ்விளக்கம் போதாது. ‘தேர்தலின் தூய்மை’ என்னும் தொடருக்கு அந்நாட்டிலே நீண்டதொரு வரலாறு உண்டு. அதனை யார், எக்காலத்தில், எவ்வர்க்கத்தின் நலன் கருதிக் கையாண்டனர் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. 1890ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்திற் கூடிய அரசியலமைப்பு மாநாடு இவ்வாராய்ச்சிக்கு மையமாக அமையும். ஏனெனில் மோசடி செய்தோரே மோசடியை ஒழிக்கும் சீர்திருத்தவாதிகளாகத் தோற்றமளித்த விந்தையை அம்மாநாட்டிலே வெளிப்படையாகக் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவிலே வாக்குச்சீட்டை அச்சிட்டது அரசன்று. கட்சிகளே அதனை அச்சிட்டன. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் பெயர்களை மட்டும் கொண்ட சீட்டை, பெரும்பாலும் தூரத்திலிருந்தே இனங்காணத்தக்க தாளில் அச்சிட்டு, வாக்களிப்பு நிலையத்தின் வாயிலில் விநியோகித்தது. வாக்காளன் அதனைப் பலரறியப் பெட்டியிலிட்டான். தொழிற்சாலை மேற்பார்வையாளனோ தோட்டச் சொந்தக்காரனின் ஆளோ அருகில் நின்று நோக்குவதற்கு எத்தடையும் இருக்கவில்லை. நியூயோர்க்கில் ரமனி ஹோல் எனப்பட்ட ஜனநாயகக் கட்சி அமைப்பு 1868ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் வந்தேறிகளுக்குக் கூட்டங்கூட்டமாகக் குடியுரிமை பெற்றுக் கொடுத்தது. ஆகவே மோசடி என்பது வெறுங் கற்பனை என்று கூறுதல் வரலாற்றுக்கு முரணாகும். கேள்வி வேறு: மோசடியைச் செய்தது யார், அதன் பெயரால் தண்டனை பெற்றது யார்?

உள்நாட்டுப் போரின் பின்னர், 1867ஆம் ஆண்டுச் சட்டங்களாலும் 1870ஆம் ஆண்டின் பதினைந்தாவது திருத்தத்தாலும், தென் மாநிலங்களிலே முன்னாள் அடிமைகள் வாக்குரிமை பெற்றனர். அடிமைகளின் உழைப்பிலே செல்வங் குவித்த மிசிசிப்பி, 1870இல் ஹிராம் றெவல்ஸ் என்னும் கறுப்பினத்தவரைச் செனற் சபைக்கு அனுப்பியது. டு போய்ஸ் 1935இல் வெளியிட்ட நூல் இக்காலப்பகுதியை உழைக்கும் மக்களின் ஜனநாயகப் பரிசோதனையாக நோக்கியது. அந்நோக்கு நெடுங்காலம் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்களாற் புறக்கணிக்கப்பட்டமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. அப்பரிசோதனையின் முடிவு 1876ஆம் ஆண்டுத் தேர்தலோடு வந்தது. ஜனநாயகக் கட்சியின் ரில்டன் நாடளாவிய வாக்குகளில் முன்னணியில் நின்றார். எனினும் புளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மாநிலங்களின் வாக்குகளும் ஒறிகனின் ஒரு வாக்குமாகத் தேர்வாளர் வாக்குகள் 20 சர்ச்சைக்குள்ளாயின. காங்கிரஸ் நியமித்த பதினைவர் ஆணைக்குழு எட்டுக்கு ஏழு என்னும் கட்சிவாரியான பெரும்பான்மையால் அவை அனைத்தையும் குடியரசுக் கட்சியின் ஹேய்சுக்கு வழங்கியது. 185க்கு 184 என அவர் ஜனாதிபதியானார். 1877 ஏப்பிரலில் தென் கரோலினாவிலும் லூசியானாவிலும் கறுப்பின மக்களின் ஆதரவு பெற்ற அரசாங்கங்களுக்குக் காவலாக நின்ற படைகள் விலக்கப்பட்டன. அதே ஆண்டு யூலையில் புகையிரதத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அடக்க அதே ஜனாதிபதி படைகளை அனுப்பினார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் தனித்தனி அத்தியாயங்களில் எழுதும் பாடநூல்கள் அவற்றின் உட்தொடர்பை மறைத்து விடுகின்றன.

மீண்டும் அதிகாரத்தைக் கைப்பற்றிய தென் மாநில ஜனநாயகக் கட்சியினர் ‘மீட்பர்கள்’ எனப்பட்டனர். விவிலியத்தில் இறைவனுக்கு வழங்கும் பெயர் இது! மீட்பு, தூய்மை, பாவக்கறை என்னும் சமயச் சொற்கள் அரசியலுட் புகும்போது, பொருளாதார ஆதிக்கம் அறப்போராட்டத்தின் வேடம் பூணுகிறது. மொழியைப் பயில்வோர் இதனை எளிதிற் கண்டுகொள்வர். நடைமுறையில் இம்மீட்பர்களின் ஆட்சி பெட்டிகளை நிரப்புதல், எண்ணிக்கையை மாற்றுதல், துப்பாக்கியைக் காட்டுதல் ஆகியவற்றிலேயே தங்கியிருந்தது. தென் கரோலினா 1882இல் இயற்றிய ‘எட்டுப் பெட்டி’ச் சட்டம் இதற்குச் சற்று நயமான உதாரணம். ஒவ்வொரு பதவிக்கும் தனிப்பெட்டி வைக்கப்பட்டது. தவறான பெட்டியில் இட்ட சீட்டு செல்லாது. எழுத்தறியாதவன் எந்தப் பெட்டி எதற்குரியதென அறிய வழியில்லை. எவரேனும் சொல்லிக் கொடுத்தாலும், பெட்டிகளை இடம் மாற்றி வைத்தல் அலுவலருக்குக் கடினமானதன்று.

இந்நிலையிலேதான் 1890 ஓகஸ்டில் மிசிசிப்பி மாநாடு கூடியது. பேராளர் 134 பேர். கறுப்பின மக்கள் பெரும்பான்மையினராக வாழ்ந்த அம்மாநிலத்தின் மாநாட்டிலே கறுப்பினத்தவர் ஒருவரே இடம்பெற்றார். அவ்வாண்டு கூட்டாட்சித் தேர்தல்களை மத்திய அரசு மேற்பார்வை செய்வதற்கு வழிவகுக்கும் லொட்ஜ் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியிருந்தது. வெளியார் வந்து பெட்டிகளைத் திறந்து பார்க்கக்கூடும் என்னும் அச்சம் மாநாட்டினரைப் பற்றியிருந்தது. அங்கு நீதிபதி கிறிஸ்மன் ஆற்றிய உரை வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1875 முதல் தம் மாநிலத்தில் நேர்மையான எண்ணிக்கை நடந்ததில்லை என்றும், பெட்டிகளை நிரப்பியும் பொய்ச் சத்தியம் செய்தும் ஆங்காங்கே வன்முறையைப் பயன்படுத்தியுமே வெள்ளையர் ஆதிக்கம் காக்கப்பட்டதென்றும் அவர் ஒளிவின்றிக் கூறினார். இத்தகைய ஒழுக்கக்கேடு இனியும் தொடர்தல் ஆகாதென்பது அவர் கவலை. இதிலிருந்து எவரும் எதிர்பார்க்கும் முடிவு, மோசடியை நிறுத்துவதும் மோசடிக்காரரைத் தண்டிப்பதுமேயாகும். மாநாடு கண்ட முடிவோ மோசடிக்கு இலக்கானோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றுவதாகும். களவு கொடுத்தவனை ஊரை விட்டுத் துரத்திவிட்டால் களவு நின்றுவிடும் என்னும் தருக்கம் இது.

அகற்றும் முறைகளில் இனத்தின் பெயர் எங்குமே குறிப்பிடப்படவில்லை. பதினைந்தாவது திருத்தம் அதற்கு இடந்தராது. மாநிலத்தில் ஈராண்டு வதிவு, தொகுதியில் ஓராண்டு வதிவு என்னும் விதி, ஆண்டு தோறும் தோட்டம் மாறும் வாரக்குடியானவனைத் தாக்கியது. தலைவரி இரண்டு டொலர். வாக்களிக்க விரும்புவோன் இரு ஆண்டு வரியையும் கட்டியதற்கான பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும். ஆனால் வரியைக் கட்டத் தவறியோர் மீது குற்றவழக்குத் தொடரலாகாதென அரசியலமைப்பே விதித்தது. அறவிடப்படாமல் இருப்பதற்கென்றே விதிக்கப்பட்ட வரி உலகில் அரிது. இவற்றுக்கு மேலாக ‘விளங்குதற் சரத்து’ என்று ஒன்றிருந்தது: வாக்காளன் அரசியலமைப்பின் ஏதேனுமொரு பிரிவை வாசிக்கவோ, வாசிக்கக் கேட்டு விளங்கவோ, நியாயமான பொருள் கூறவோ வல்லவனாதல் வேண்டும். எப்பிரிவு, எது நியாயமான பொருள் என்பனவற்றைத் தீர்மானிப்பவர் பதிவு அலுவலர். உரையாசிரியர்களிடையே பொருள்கோள் பற்றி நிகழ்ந்த வாதங்களைக் கற்கும் நமக்கு, ஒரு மக்கட் கூட்டத்தின் குடியுரிமையே பொருள்கோளின்மீது தொங்கவிடப்பட்டமை சிந்தனைக்குரியது. இவ்வரசியலமைப்பு மக்களின் வாக்கெடுப்புக்கு விடப்படாமலே நடைமுறைக்கு வந்தது. மாநாட்டின் ஒரேயொரு கறுப்பினப் பேராளரான மொன்ற்கொமரி, நில உடைமையும் வணிகமும் கொண்டவர், அதனை ஆதரித்து வாக்களித்தார். இனவுணர்வு மட்டுமே வரலாற்றை இயக்குவதாகக் கருதுவோர் இச்செய்தியை எவ்வாறு விளக்குவர் என்பது தெரியவில்லை.

லொட்ஜ் மசோதா 1891இல் செனற் சபையில் மடிந்தது. வெள்ளி நாணயக் கொள்கையில் அக்கறை கொண்ட மேற்கு மாநிலக் குடியரசுக் கட்சியினர் சிலர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து அதனைக் கைவிட்டனர். சுரங்க முதலாளிகளின் நாணயத்துக்காகக் கறுப்பின மக்களின் வாக்கு விலைபோயிற்று எனலாம்.

இரகசிய வாக்குச்சீட்டின் கதை இதனினும் சிக்கலானது. அவுஸ்திரேலியக் குடியேற்றங்களில் 1856இல் தோன்றிய இம்முறை, அதற்கு முன்பே பிரித்தானியாவில் சாசன இயக்கத் தொழிலாளர் எழுப்பிய கோரிக்கையாகும். அமெரிக்காவில் ஹென்றி ஜோர்ஜ் போன்றோர் அதனை வற்புறுத்தினர். மாசசூசெற்ஸ் 1888இல் அதனை ஏற்றது. சில ஆண்டுகளுள் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றின. முதலாளியின் கண்ணிலிருந்து தொழிலாளியைக் காத்த சீர்திருத்தம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசு அச்சிட்ட நீண்ட சீட்டிலே கட்சிச் சின்னமோ நிறமோ இல்லாதவிடத்து, அதுவே எழுத்தறிவுப் பரீட்சையாக மாறிற்று. அடிமை முறையின் கீழ்க் கல்வி மறுக்கப்பட்ட தலைமுறைக்கு இதன் பொருள் யாதென விளக்க வேண்டியதில்லை. ரெனசியும் ஆர்க்கன்சோவும் இதனை நன்கறிந்தே கையாண்டன. முற்போக்கான ஒரு வடிவம், தான் இயங்கும் சமூக உறவுகளுக்கேற்பப் பிற்போக்கான பணியை ஆற்றக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைத்தலரிது.

தொண்ணூறுகளில் இச்சட்டங்கள் ஏன் இத்துணை விரைந்து பரவின? பருத்தி விலை வீழ்ச்சியாலும் கடன் சுமையாலும் நலிந்த சிறு விவசாயிகள் 1892இல் மக்கள் கட்சியாகத் திரண்டனர். ஜோர்ஜியாவில் ரொம் வாற்சன், வெள்ளை விவசாயியும் கறுப்பு விவசாயியும் ஒரே கடன்காரனால் உறிஞ்சப்படுவதை எடுத்துக்கூறி, இருசாராரையும் ஒரே மேடையின் கீழ் அழைத்தார். அவ்வாண்டு அவர் தம் காங்கிரஸ் ஆசனத்தை இழந்தபோது, ஒகஸ்ரா நகரிலே தகுதியுடைய வாக்காளர் தொகையை மிஞ்சிய வாக்குகள் விழுந்திருந்தன. வட கரோலினாவில் மக்கள் கட்சியும் குடியரசுக் கட்சியும் கூட்டுச் சேர்ந்து 1894இல் சட்டசபையைக் கைப்பற்றி, மறு ஆண்டு வாக்களிப்பு நிலையங்களில் எல்லாக் கட்சியினருக்கும் இடமளிக்கும் தேர்தற் சட்டத்தை இயற்றின. மெய்யான தேர்தற் பாதுகாப்பு எதுவெனக் கேட்பின் இச்சட்டத்தையே காட்டலாம். அதற்குக் கிடைத்த விடை 1898 நவம்பர் 10இல் வில்மிங்ரன் நகரிற் கிடைத்தது. ஆயுதந்தாங்கிய வெள்ளையர் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைக் கவிழ்த்தனர், கறுப்பினத்தவரின் பத்திரிகை அலுவலகத்தை எரித்தனர், பலரைக் கொன்றனர். 1900இல் எழுத்தறிவுப் பரீட்சை அம்மாநில அரசியலமைப்பில் ஏறியது. வாற்சனே பிற்காலத்திற் கடும் இனவெறியராகி, ஜோர்ஜியாவின் 1908ஆம் ஆண்டு வாக்குரிமைப் பறிப்பை ஆதரித்தார். அவரது இளமைக்கால வீரத்தை மட்டும் எடுத்தோதும் நம்மவர் சிலர், வெள்ளையன் என்ற பெருமையையே கூலியின் ஒரு பகுதியாகப் பெற்ற ஏழை வெள்ளையரைப் பற்றி டு போய்ஸ் எழுதியதை மீண்டும் படித்தல் நன்று.

1901ஆம் ஆண்டு அலபாமா மாநாட்டின் தலைவர் ஜோன் நொக்ஸ், வெள்ளையர் மேலாண்மையை வன்முறையாலும் மோசடியாலுமன்றிச் சட்டத்தால் நிறுவ வேண்டும் என்றார். அச்சட்டத்தை ஏற்பதற்கான வாக்கெடுப்பிலே, கறுப்பின மக்கள் மிகுந்த பருத்தி மாவட்டங்கள் தம் வாக்குரிமையைத் தாமே பறித்துக் கொள்ளப் பேராதரவு அளித்தனவாக எண்ணிக்கை காட்டிற்று! ஏழை வெள்ளையர் மிகுந்த மாவட்டங்கள் பலவும் எதிர்த்தன. அவர்கள் எதிர்த்ததில் நியாயமிருந்தது: ஆண்டுக்கு ஒன்றரை டொலர் வீதம் 36 டொலர் வரை சேர்ந்துகொண்டே செல்லும் தலைவரி, நிறம் பாராது வறியவனை விலக்கியது. மொன்ற்கொமரி நகரைச் சேர்ந்த ஜைல்ஸ் என்னும் கறுப்பினத்தவர், புக்கர் ரி. வாஷிங்ரன் இரகசியமாக அளித்த பொருளுதவியோடு வழக்காடினார். 1903இல் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு விசித்திரமானது: குற்றச்சாட்டு உண்மையாயின் பதிவு முறை முழுவதுமே மோசடி, அம்மோசடி இடாப்பில் இன்னுமொரு பெயரைச் சேர்க்க நீதிமன்றம் துணைபோகலாகாது, பரிகாரத்தை அரசியல் அதிகாரங்களிடமே நாட வேண்டும். வாக்கற்றவனை வாக்கின் வழி பரிகாரம் தேடுமாறு அனுப்பிய தீர்ப்பு இது.

விளைவைச் சில எண்கள் காட்டும். லூசியானாவில் 1896இல் 130,334ஆக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு 1904இல் 1,342ஆயிற்று. வேர்ஜீனியாவில் 1900க்கும் 1904க்குமிடையில் அளிக்கப்பட்ட வாக்குகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அவ்வளவும் கறுப்பினத்தவர் வாக்குகளல்ல. நாடு முழுவதையும் கொண்டால் 1896இல் தகுதியுடையோருள் 79 சதவீதத்தினர் வாக்களித்தனர். 1924இல் 49 சதவீதத்தினர். பெண்கள் புதிதாக வாக்குரிமை பெற்றமையும் கட்சிப் போட்டி தளர்ந்தமையும் இதற்கு ஓரளவு காரணம். ஆயினும் வட நகரங்களில் வந்தேறித் தொழிலாளரை இலக்காகக் கொண்ட பதிவுச் சட்டங்களின் பங்கைப் புறக்கணித்தல் இயலாது.

இவ்விடத்தில் முற்போக்காளரிடையே நிலவும் ஒரு கருத்தை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. முதலாளித்துவத் தேர்தல் வெறுங் கண்துடைப்பு, அதன் நேர்மை பற்றிப் பாட்டாளி வர்க்கம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பதே அக்கருத்து. பயனற்ற ஒன்றைப் பறிப்பதற்குப் பருத்தி முதலாளிகள் இருபது ஆண்டுகளாக மாநாடுகள் கூட்டியதும் கொலை செய்ததும் ஏன் என்னும் கேள்விக்கு இக்கருத்தினரிடம் விடையில்லை. வாக்கு பறிபோன பின்னர் வாரக்குடியானவன் நீதிமன்றத்தையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே இழந்தான்.

1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் மக்கள் இயக்கத்தின் வெற்றியாகும். மிசிசிப்பியில் 6.7 சதவீதமாயிருந்த கறுப்பின வாக்காளர் பதிவு 1967இல் ஏறத்தாழ 60 சதவீதமாயிற்று. தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி பெறவேண்டிய மாநிலங்களைத் தீர்மானித்த பிரிவை உச்ச நீதிமன்றம் 2013இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் நீக்கியது. அன்றே ரெக்சாஸ் தனது அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போவதாக அறிவித்தது. இத்தகைய சட்டமொன்றை இந்தியானா மாநிலம் தொடர்பாக 2008இல் ஏற்றுக்கொண்ட அதே நீதிமன்றம், ஆள்மாறாட்டம் அம்மாநில வரலாற்றில் நிகழ்ந்தமைக்கு வழக்கேடுகளிற் சான்று எதுவும் இல்லையென ஒப்புக்கொண்டது. உதாரணத்துக்கு அது சுட்டியவற்றுள் ஒன்று 1868ஆம் ஆண்டு நியூயோர்க். மாறாக 2018இல் வட கரோலினாவின் ஒன்பதாவது தொகுதியில், குடியரசுக் கட்சி வேட்பாளருக்காக வேலைசெய்த குழுவினர் தபால் வாக்குச்சீட்டுகளைச் சட்டவிரோதமாகச் சேகரித்தமை வெளிப்பட்டு, 2019இல் மறுதேர்தல் நடத்தப்பட்டது. வாக்களிப்பு நிலையத்தில் அடையாள அட்டை கேட்பதால் தடுக்கக்கூடிய மோசடியன்று அது.

மிசிசிப்பி மாநாடு விதித்த மற்றொரு விதி எஞ்சியுள்ளது. களவு, தீவைப்பு, பொய்க் கையொப்பம் முதலிய குற்றங்களுக்குத் தண்டனை பெற்றோர் வாக்குரிமை இழப்பர். கொலையும் பாலியல் வல்லுறவும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. கறுப்பினத்தவர் செய்யக்கூடியவை என அக்காலத்தவர் கருதிய குற்றங்களையே மாநாடு தெரிந்தெடுத்ததென அம்மாநில உச்ச நீதிமன்றமே 1896இல் எழுதியது. 1950இல் ஒரு குற்றம் நீக்கப்பட்டது. 1968இல் கொலையும் வல்லுறவும் சேர்க்கப்பட்டன. இத்திருத்தங்களால் பழைய கறை கழுவப்பட்டுவிட்டதெனக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மீளாய்வு செய்ய 2023 யூனில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 1890இல் எழுதப்பட்ட பட்டியலின் எஞ்சிய குற்றங்கள் இடத்தைவிட்டு அசையவில்லை.