குண்டலினி யோகா என்றால் என்ன? யார் பண்ணலாம், யார் பண்ணக் கூடாது? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முழு விளக்கம்

யூடியூபைத் திறந்தால் போதும். '21 நாளில் குண்டலினியை எழுப்புவது எப்படி?', 'இந்த ஒரு சத்தத்தைக் கேட்டால் ஏழு சக்கரமும் திறக்கும்' என்று வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அதை நம்பி, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 'குண்டலினியா? அதெல்லாம் வேணாம்ப்பா, மூளை கலங்கிடும்' என்று தடுக்கிற பெரியவர்களும் வீட்டில் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு, நிறைய மிகையும் உண்டு. குண்டலினி யோகா எங்கிருந்து வந்தது, வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள், பலன் இருக்கிறதா, ஆபத்து இருக்கிறதா? பார்க்கலாம்.

குண்டலினி என்றால் என்ன?

குண்டலம் என்றால் காதில் போடும் வளையம். வளையம் போலச் சுருண்டு கிடப்பது என்பதால் குண்டலினி. முதுகுத்தண்டின் அடியில், மூன்றரைச் சுற்றாகச் சுருண்டு தூங்கும் பாம்பு போல ஒரு சக்தி எல்லா மனிதரிடமும் இருக்கிறது என்பது யோக மரபின் நம்பிக்கை. மூச்சு, தியானம், மந்திரம் வழியாக அதை எழுப்பி, முதுகுத்தண்டு வழியே உச்சந்தலைக்கு ஏற்றுவதுதான் குண்டலினி யோகம்.

போகிற வழியில் ஆறு நிலையங்கள். மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்ஞை. கடைசியாக உச்சியில் சகஸ்ராரம். இதையும் சேர்த்துத்தான் 'ஏழு சக்கரம்' என்கிறார்கள். பாதை மூன்று: இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை, நடுவில் சுழுமுனை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது உடற்கூறியல் பாடம் இல்லை. எந்த ஸ்கேன் எடுத்தாலும் சக்கரம் தெரியாது. தியானத்தின்போது மனதை எங்கே நிறுத்துவது என்பதற்கான வரைபடமாக இதை எடுத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

தமிழுக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான். மூச்சை எப்படி இழுப்பது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது வரை அதில் பேசப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையார் பாட்டாக மனப்பாடம் செய்த ஔவையாரின் விநாயகர் அகவலை மறுபடி எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் மூலாதாரம், நாடி, மூச்சு என்று யோகச் செய்திதான் ஓடும். பாம்பாட்டிச் சித்தர் ஆடச் சொல்லும் பாம்பும் குண்டலினிதான் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

அதாவது, பாட்டி சாயங்காலம் விளக்கேற்றிப் பாடியதும், இப்போது ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் போகிற 'சக்ரா ஹீலிங்' வகுப்பும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை.

அமெரிக்காவுக்குப் போனது எப்படி?

கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஆங்கிலேயர் ஜான் உட்ராஃப். ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில், சக்கரங்களைப் பற்றிய சமஸ்கிருத நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1919ல் 'தி சர்ப்பென்ட் பவர்' என்று வெளியிட்டார். மேற்கத்திய நாடுகளில் குண்டலினி என்ற சொல் பரவியதற்கு இந்தப் புத்தகம் முக்கியக் காரணம். உளவியலாளர் கார்ல் யுங் 1932ல் சூரிச்சில் குண்டலினி பற்றித் தொடர் உரையே நடத்தினார். நம்ம ஊர் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் டாக்டராக வேலை பார்த்து, ரிஷிகேஷில் துறவியான சுவாமி சிவானந்தரும் 1935ல் 'குண்டலினி யோகா' என்ற பெயரிலேயே ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார்.

ஆனால் இன்று ஹாலிவுட் நட்சத்திரங்கள் வெள்ளை உடை, தலைப்பாகையோடு செய்கிறார்களே, அந்த 'குண்டலினி யோகா' வேறு. அதைக் கொண்டுபோனவர் ஹர்பஜன் சிங் என்ற யோகி பஜன். இந்தியாவில் சுங்கத்துறை அதிகாரியாக இருந்தவர். 1968ல் கனடா போய், அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போனார். 1969ல் '3எச்ஓ' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஹிப்பி காலம் அது. போதைப்பொருளில் சிக்கியிருந்த இளைஞர்களிடம், 'மாத்திரை இல்லாமலே பரவசம் தருகிறேன்' என்ற மாதிரி இந்த யோகா போய்ச் சேர்ந்தது. வேகமான மூச்சு, ஒரே அசைவைப் பல நிமிடம் திரும்பத் திரும்பச் செய்வது, மந்திரம் சொல்வது எல்லாம் சேர்ந்த கலவை இது. சீக்கிய மரபின் சொற்களும் இதில் கலந்திருக்கும்.

யோகி பஜன் 2004ல் காலமானார். அவருடைய முன்னாள் உதவியாளர் ஒருவர் 2020ல் எழுதிய புத்தகத்தைத் தொடர்ந்து, அவர் மீது பாலியல் அத்துமீறல் புகார்கள் வரிசையாக வந்தன. அவருடைய அமைப்புகளே நியமித்த வெளி நிறுவனம் விசாரித்து, அந்தப் புகார்களில் பல உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அறிக்கை கொடுத்தது. பல ஆசிரியர்கள் அந்த அமைப்பிலிருந்து விலகினார்கள். பயிற்சி வேறு, பயிற்சி தந்தவர் வேறு என்று தொடர்கிறவர்களும் உண்டு. எப்படியோ, 'குரு சொன்னால் கேள்வி கேட்கக் கூடாது' என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

மனவளக்கலையும் இதுவும் ஒன்றா?

தமிழ்நாட்டில் குண்டலினி என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது வேதாத்திரி மகரிஷிதான். 1911ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். பரஞ்சோதி மகானிடம் தீட்சை பெற்றவர். 1958ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சி பக்கம் ஆழியாறில் இருக்கும் அறிவுத்திருக்கோயில் இவர் உருவாக்கியது.

இவருடைய 'எளியமுறை குண்டலினி யோகம்' பஜன் முறையிலிருந்து ரொம்பவே வித்தியாசமானது. வேகமான மூச்சு இல்லை, கூச்சல் இல்லை. கை, கால், மூச்சு, கண் என்று படிப்படியான உடற்பயிற்சி, உட்கார்ந்து செய்யும் தவம், காயகல்பம், கோபம் கவலையை அலசும் அகத்தாய்வு என்று போகும். ஆசிரியர் புருவ மத்தியைத் தொட்டு, அந்த இடத்தில் மனதை நிறுத்தச் சொல்லித் தொடங்கிவைப்பார். இது ஆக்ஞை தவம்.

இதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நெற்றியில் அழுத்தம் அதிகமானாலோ, தலை கனத்தாலோ, கவனத்தை மறுபடி மூலாதாரத்துக்கே இறக்கிவிடும் 'சாந்தி தவம்' இருக்கிறது. பிரஷர் குக்கருக்கு வெயிட் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்றுவதற்கு மட்டும் வழி சொல்லி, இறக்குவதற்கு வழி சொல்லாத வீடியோக்கள்தான் பிரச்சினை.

பலன் உண்டா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற அளவுக்கு இல்லை.

தீராத பதற்றம் எனப்படும் ஆன்சைட்டி பிரச்சினை உள்ள 226 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. 2020ல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வெளிவந்தது. ஒரு குழுவுக்குக் குண்டலினி யோகா, இன்னொரு குழுவுக்கு சிபிடி எனப்படும் மனநல ஆலோசனை சிகிச்சை, மூன்றாவது குழுவுக்கு மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, யோகா குழுவில் 54 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். சிபிடி குழுவில் 71 சதவீதம். பாடம் மட்டும் கேட்டவர்களில் 33 சதவீதம்.

யோகா வேலை செய்கிறது, ஆனால் சிகிச்சையை முந்தவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது சிபிடியின் பலன் தெளிவாக நின்றது, யோகாவின் பலன் அந்த அளவுக்கு நிற்கவில்லை. 'யோகா பண்றேன், டாக்டர்கிட்ட போறத நிறுத்திட்டேன்' என்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், ஞாபக மறதி தொடங்கியிருக்கும் 55 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய இன்னொரு ஆய்வும் பேசப்படுகிறது. 81 பேர், 12 வாரம். நினைவாற்றல் பயிற்சி எடுத்தவர்களுக்கும் குண்டலினி யோகா செய்தவர்களுக்கும் ஞாபகசக்தி கூடியது. யோகா குழுவில் கூடுதலாக மனச்சோர்வும் குறைந்தது. அவர்கள் வாரம் ஒருநாள் வகுப்புக்குப் போனார்கள், வீட்டில் தினமும் செய்தது வெறும் 12 நிமிடம்.

சக்கரம் திறந்ததா, குண்டலினி ஏறியதா என்பதை இந்த ஆய்வுகள் அளக்கவில்லை. தூக்கம், பதற்றம், மனநிலை, ஞாபகம் ஆகியவற்றோடு சம்பந்தப்பட்ட பலனைத்தான் எதிர்பார்க்கலாம். கேன்சர் குணமாகும், சர்க்கரை நோய் மறையும் என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது.

அந்த 12 நிமிடப் பயிற்சி என்ன?

வீட்டிலேயே செய்யக்கூடியது, பயமில்லாதது. முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். தரையில் சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம், தப்பே இல்லை.

'சா, தா, நா, மா' என்ற நான்கு ஒலிகள். 'சா' என்னும்போது கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தொட வேண்டும். 'தா' என்றால் நடுவிரல், 'நா' என்றால் மோதிர விரல், 'மா' என்றால் சுண்டுவிரல். இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில். முதல் 2 நிமிடம் வாய்விட்டு, அடுத்த 2 நிமிடம் கிசுகிசுப்பாக, பிறகு 4 நிமிடம் மனசுக்குள் மட்டும். விரல் அசைவு நிற்கக் கூடாது. திரும்ப 2 நிமிடம் கிசுகிசுப்பு, 2 நிமிடம் சத்தமாக. முடிந்ததும் ஆழமாக மூச்சு விட்டு, உடனே எழுந்து ஓடாமல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

இதற்கு 'கீர்த்தன் கிரியா' என்று பெயர். முதல் நாள் 4 நிமிடம் தாண்டுவதற்குள் போனை எடுக்கத் தோன்றும். பரவாயில்லை, எல்லோருக்கும் அப்படித்தான். காலையில் வெறும் வயிற்றில் செய்வது வசதி. சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

யார் பண்ணக் கூடாது?

வகுப்புகளில் 'பிரெத் ஆஃப் ஃபயர்' என்று ஒரு வேக மூச்சு சொல்லித் தருவார்கள். கபாலபாதி மாதிரி இருக்கும், ஆனால் அதுவே இல்லை. கபாலபாதியில் வெளியே விடும் மூச்சுக்கு மட்டும்தான் வேகம். இதில் உள்ளே, வெளியே இரண்டும் ஒரே வேகம், வயிறு உலைத் துருத்தி மாதிரி இயங்கும்.

கர்ப்பிணிகள் இதைச் செய்யக் கூடாது. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் தவிர்க்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் பெண்களுக்கு இதைச் சொல்லித் தர மாட்டார்கள். தலைசுற்றினால், கை விரல் மரத்துப்போனால் உடனே நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட வேண்டும். வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதே அதற்குக் காரணம். அதை 'சக்தி ஏறுது' என்று நினைத்துத் தொடரக் கூடாது.

பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா போன்ற மனநலப் பிரச்சினை இருப்பவர்களும், குடும்பத்தில் அப்படி யாருக்காவது இருந்தவர்களும் தீவிரப் பயிற்சிக்கு முன் மனநல மருத்துவரிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. காஷ்மீரைச் சேர்ந்த கோபி கிருஷ்ணா ஒரு சாதாரண அரசு ஊழியர். குரு யாரும் இல்லாமல் பல வருஷமாகத் தானாகவே தியானம் செய்துவந்தார். 1937 டிசம்பரில் ஒருநாள் காலை, முதுகுத்தண்டு வழியே ஒளி வெள்ளம் அருவி போல மூளைக்குள் பாய்ந்ததாக உணர்ந்தார். இதுவரை கேட்டால் யூடியூப் தம்ப்நெயில் மாதிரியே இருக்கும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கதை. தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை. உடம்பெல்லாம் எரிச்சல். மனைவி, பிள்ளைகள் மேலேயே பாசம் அற்றுப்போன மாதிரி ஒரு நிலை. பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயத்திலேயே வருஷங்கள் போயின. தேறி எழுந்து, 1967ல் அதையெல்லாம் புத்தகமாக எழுதினார். குண்டலினியை நம்பியவர்தான் அவர், கடைசிவரை நம்பினார். ஆனாலும் தன் கஷ்டத்தை மறைக்கவில்லை.

அவருக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று அர்த்தமில்லை. தினமும் 12 நிமிடம் உட்காருகிறவருக்கும், பல மணி நேரத் தியானத்தில் பல வருஷம் மூழ்கியவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் தியானம் தொடங்கிய பிறகு தொடர்ந்து தூக்கம் வரவில்லை, காதில் யாரோ பேசுவது போலக் கேட்கிறது, தனக்கு விசேஷ சக்தி வந்துவிட்டதாகத் தோன்றுகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் அதை 'குண்டலினி எழும்பும் அறிகுறி' என்று சொல்லிக் காத்திருக்கக் கூடாது. பயிற்சியை நிறுத்த வேண்டும். வீட்டில் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வகுப்பில் சேரும் முன் என்ன கேட்கலாம்?

'எனக்கு பிபி இருக்கு, இந்தப் பயிற்சியில எதை விடணும்?' என்று முதல் நாளே கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்கிற ஆசிரியர் நல்லவர். 'எல்லாம் சரியாயிடும், மாத்திரைய நிறுத்திடுங்க' என்றால் அந்தப் படியை மறுபடி மிதிக்காதீர்கள். இத்தனை நாளில் குண்டலினி எழும்பும் என்று தேதி குறித்துப் பணம் வாங்குகிறவர்களிடமும், தீட்சை என்ற பெயரில் தனி அறைக்குக் கூப்பிடுகிறவர்களிடமும் அப்படித்தான்.

தியானத்தின்போதோ அதற்குப் பிறகோ மனசு சரியில்லை என்று தோன்றினால், மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.