தீவிர சிகிச்சைச் செவிலியப் பட்டமேற்படிப்பு

உயிர் ஊசலாடும் நிலையில் ஐ.சி.யூ.வில் சேர்க்கப்படும் நோயாளிகளைக் கவனிப்பதற்கென்று, பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் மேற்கொள்ளும் இரண்டாண்டுப் படிப்பு. இந்தியாவில் இது இரு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, எம்.எஸ்சி. நர்சிங்கில் மருத்துவ – அறுவைச் செவிலியத்தின் கிளையாக அமைந்த தீவிர சிகிச்சைப் பாடப்பிரிவு. மற்றொன்று, 2016இல் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ உறைவிடப் படிப்பு. பட்டமேற்படிப்பு ஆகாவிட்டாலும், ஓராண்டுப் பட்டயமும் இத்துறையில் உண்டு. படுக்கையருகே வேலை செய்வோர் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். கொங்கு நாட்டில் இப்படிப்பின் களம் கோவை நகரின் பெரிய மருத்துவமனைகள். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தள்ளி மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் காரமடை போன்ற ஊர்கள் அந்த மருத்துவமனைகளுக்கு நோயாளிகளையும் அனுப்புகின்றன, படிக்கும் பிள்ளைகளையும் அனுப்புகின்றன.

கவலைக்கிடமான நோயாளிகளைச் செவிலியரின் கண்பார்வையிலேயே கிடத்தும் வழக்கம் கிரிமியப் போர்க்காலத்து ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலிடமே தொடங்கிவிட்டது. தனிப் பிரிவாக அது உருவெடுத்தது 1952ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் பரவிய போலியோவால். மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டலாம் என்று மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் காட்டினார். இயந்திரம் போதாததால் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். மறு ஆண்டே இப்சன் அந்நகரில் தனித் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்.

செவிலியரின் அதிகாரம் மாறியது அடுத்த பத்தாண்டில். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மாரடைப்பு நோயாளிகளுக்கான தனிப் பிரிவுகள் திறக்கப்பட்டபோது, இதயத் துடிப்பு தாறுமாறானால் மருத்துவர் மாடிப்படி ஏறி வரும்வரை காத்திருக்க முடியாது என்பது வெளிப்படையாயிற்று. ஈ.சி.ஜி.யைப் படித்து மின்னதிர்ச்சி கொடுக்கும் பொறுப்பு, உடனிருக்கும் செவிலியருக்கே வந்தது. அதற்கான பயிற்சியை ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவர் லாரன்ஸ் மெல்ட்சரும் செவிலியர் ரோஸ் பின்னியோவும் வகுத்தனர். 1969இல் இத்துறைச் செவிலியர்களுக்கென ஒரு சங்கமும் அமெரிக்காவில் அமைந்தது. ஆக, வேலை முதலில் வந்தது; படிப்பு அதன் பின்னால் ஓடி வந்தது.

தமிழகத்தில் வரிசை வேறு. இங்கே பட்டம் முன்னே வந்தது, ஐ.சி.யூ. பின்னே வந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1909இல் வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை செவிலியர் பள்ளியைத் திறந்தது. 1926இல் சென்னை மாகாணச் செவிலியர் – தாதியர் சட்டம் பதிவுமுறையைக் கொண்டுவந்தது. நாட்டின் முதல் பட்டப்படிப்புகள் 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் ஒரே ஆண்டில் தொடங்கின. இன்று ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கும் டெல்லிக் கல்லூரி 1959இல் பட்டமேற்படிப்பைத் தொடங்கியது; 1960களின் முடிவில் வேலூரும் சேர்ந்துகொண்டது. அப்போது இந்திய மருத்துவமனைகளில் ஐ.சி.யூ. என்பது அரிது. கோபன்ஹேகனுக்குப் போலியோ என்றால் இந்தியாவுக்கு டெட்டனஸ் எனலாம்: மும்பையில் மருத்துவர் ஃபரோக் உத்வாடியா போன்ற முன்னோடிகளின் அனுபவம் பெருமளவு அந்த நோயாளிகளிடமிருந்தே பிறந்தது. சின்னச் சத்தத்துக்கே உடல் வில்லாய் வளையும் அந்நோயில், அமைதியான அறையும் விலகாத கண்காணிப்பும் மருந்துக்குச் சமம்.

கோவையில் பெரிய மருத்துவமனைகளைக் கட்டியதில் ஆலைகளை நடத்திய குடும்பங்களின் அறக்கட்டளைகளுக்கும் மருத்துவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952இலும், ஸ்ரீ ராமகிருஷ்ணா 1975இலும், காரமடை வழித்தடத்திலேயே நிற்கும் கங்கா மருத்துவமனை 1978இலும், கே.எம்.சி.எச். 1990இலும் வந்தன. அரசுத் தரப்பில் கோவை மருத்துவக் கல்லூரி 1966இல் தொடங்கியது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலிருந்து வந்த மலையாளச் செவிலியர்கள் இவற்றின் வார்டுகளை நெடுங்காலம் தாங்கினார்கள். அவர்களை ‘சிஸ்டர்’ என்றே ஊர் அழைத்தது. 1988இல் செயல்படத் தொடங்கிய எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் குடைக்கீழ் தனியார் நர்சிங் கல்லூரிகள் பெருகின, பி.எஸ்.ஜி. செவிலியர் கல்லூரி 1994இல் வந்தது. பெரும்பாலும் மருத்துவமனை வளாகத்திலேயே கல்லூரியும் அமைந்ததால், ஐ.சி.யூ.வைப் பார்க்க மாணவியர் பேருந்து ஏற வேண்டியிருக்கவில்லை. இது சின்ன விஷயமன்று.

இந்த ஐ.சி.யூ.க்களுக்கு வரும் நோயாளிகள் பாடநூலின் மேலைநாட்டு நோயாளிகள் அல்லர். காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பாம்புக்கடியும் பூச்சிமருந்து நஞ்சும் வருகின்றன. ஊட்டிச் சாலை விபத்துகளில் தலைக்காயம் வருகிறது. சாணத்துக்குப் பதிலாக வாசல் தெளிக்கும் சாயப்பொடியான, கொங்கு வட்டாரத்துக்கே உரிய சாணிப்பவுடரின் நஞ்சு பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியவர்களும் பெரும்பாலும் இப்பகுதி மருத்துவர்களே. பட்டமேற்படிப்பின் பயன் என்ன என்று கேட்பவருக்கு இவற்றையே காட்டலாம். பூச்சிமருந்து நஞ்சில் அட்ரோபின் ஊசியின் அளவு முன்கூட்டி எழுதிவைத்ததோடு முடிவதில்லை. நுரையீரலில் சளி வற்றுகிறதா, துடிப்பு ஏறுகிறதா, வியர்வை நின்றதா, கண்மணி விரிகிறதா என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். மிஞ்சினால் நோயாளி பிதற்றத் தொடங்குவார். அது நஞ்சின் வேலையா மருந்தின் வேலையா என்று பிரித்தறிய வேண்டும். நாகமோ கட்டுவிரியனோ தீண்டியவரின் இமை உயராது, கை அசையாது, மூச்சும் வென்டிலேட்டரின் தயவில். ஆனால் நினைவு தெளிவாக இருக்கலாம். பழக்கமில்லாதவர் அவரைக் கோமா என்று எண்ணித் தலைமாட்டிலேயே ‘தேறமாட்டார்’ என்று பேசிவிடுவார். தேர்ந்த செவிலியர் பெயர் சொல்லி அழைத்து, அடுத்துச் செய்யப்போவதைச் சொல்லிவிட்டே சக்‌ஷன் குழாயைத் தொடுவார்.

இத்தனை நுட்பத்தைக் கற்பிக்க வந்த எம்.எஸ்சி. நெடுங்காலம் வேறு திசையில்தான் இழுத்தது. முதலாண்டுத் தாள்கள் நான்கில் ஒன்று செவிலியக் கல்வி, இன்னொன்று ஆராய்ச்சியும் புள்ளியியலும். இரண்டாம் ஆண்டில் நிர்வாகம். சிறப்புப் பாடம் ஆண்டுக்கு ஒரு தாள். ஆய்வேடும் எழுத வேண்டும். படிப்பின் அமைப்பே ஆசிரியரை உருவாக்குவது. முடித்தவர்களும் கல்லூரி விரிவுரையாளராகப் போனார்கள். சேர்வதற்கு ஓராண்டுப் பணி அனுபவம் போதும் என்பதால், ஐ.சி.யூ.வில் நீண்டகாலம் நின்றிராதவரே ஐ.சி.யூ. செவிலியம் கற்பிக்கும் நிலையும் வந்தது. நன்கு படித்தவர் நோயாளியிடமிருந்து விலகிப்போவதே பதவி உயர்வு என்றிருந்ததுதான் இப்படிப்பின் பெருங்குறை.

2016இன் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இதைத் திருப்பிப்போட முயன்றது. ஐந்தில் ஒரு பங்கு வகுப்பறை, நான்கு பங்கு படுக்கையருகே என்பது அதன் கணக்கு. நோய்க்கூற்றியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகியவை உயர்நிலையில் கற்பிக்கப்படுகின்றன. முடித்தவர், மருத்துவமனை வகுத்த நெறிமுறைகளுக்கு உட்பட்டுப் பரிசோதனைகளுக்கு எழுதலாம், சிகிச்சையைத் தொடங்கலாம். பட்டம் வந்தாலும் அதற்கேற்ற பணியிடம் பரவலாக வரவில்லை. படித்துத் திரும்பியவர் பழைய டியூட்டிப் பட்டியலிலேயே பெயரைக் காண நேர்ந்தால், வெளிநாட்டு வேலையின் அழைப்பு காதில் விழாமல் போகுமா?

தேவையின் அளவைக் கொரோனா காட்டியது. 2021 மே கடைசியில் கோவையின் அன்றாடத் தொற்று எண்ணிக்கை சென்னையை முந்தியது, சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை மாவட்டத்தின் முக்கியக் கோவிட் மையமாக இருந்தது. வென்டிலேட்டரை வாங்கிவிட முடிந்தது. அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த செவிலியரை வாங்க முடியவில்லை. பொது வார்டிலிருந்தவர்கள் குறுகிய பயிற்சியோடு ஐ.சி.யூ.வுக்கு வந்தார்கள். குழாய்கள் பிடுங்கிக்கொள்ளாமல் ஒரு நோயாளியைக் குப்புறப் புரட்டிப் போடுவதற்கே நான்கைந்து பேர் கூட வேண்டும், அதிலும் தலைப்பக்கம் நிற்பவர் வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும்.

தேசியச் செவிலியர் – தாதியர் ஆணையச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய கவுன்சிலின் இடத்தில் தேசிய ஆணையத்தையும், மாநிலங்களில் தனி ஆணையங்களையும் அது அமைக்கிறது. பாடத்திட்டம், தகுதித் தரம், பதிவேடு ஆகியவை இச்சட்டத்தின்படி ஆணையங்களின் பொறுப்பு. நர்ஸ் பிராக்டிஷனருக்கான பணியிடங்களை உருவாக்குவது இன்னும் மருத்துவமனைகள், மாநில அரசுகளின் கையில்தான் இருக்கிறது.