சாய்வு சைக்கிளும் இரவல் கியரும்

1933 ஜூலை 7 அன்று பாரிஸின் சைக்கிள் பந்தய ஓடுதளம் ஒன்றில், சாய்வு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்ததுபோல் அமர்ந்து, முன்னால் இருந்த பெடலை ஒரு மணி நேரம் மிதித்தார் பிரான்சிஸ் ஃபோர். கடந்த தூரம் 45.055 கி.மீ. ஸ்விட்சர்லாந்தின் ஆஸ்கார் எக் 1914-இல் நிறுவிய 44.247 கி.மீ. சாதனை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு முறியடிக்கப்பட்டது. ஃபோர் முதல் வரிசை வீரர் அல்லர். வேகத்தின் பெரும்பங்கு அவர் ஓட்டிய வண்டியைச் சேர்ந்தது. சார்ல்ஸ் மோஷே வடிவமைத்த அந்த ‘வெலோகார்’ தாழ்வானது. உடல் பின்னோக்கிச் சாய்ந்திருந்ததால் எதிர்காற்று மோதும் பரப்பு குறைந்தது.

சர்வதேச சைக்கிள் சங்கம் இதை ஏற்கவில்லை. பந்தய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று 1934-இல் புது வரையறை வகுத்து, சாய்வு சைக்கிளைச் சாதனைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. மோஷே அதே ஆண்டில் காலமானார்.

சாதனையைப் பறிகொடுத்த ஆஸ்கார் எக் அப்போது டிரெய்லியர் தயாரிப்பில் இறங்கியிருந்தார். ஓடும் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து தள்ளி அடுத்ததில் ஏற்றிவிடும் கருவிக்குத்தான் அந்தப் பெயர். அவருடைய ‘சூப்பர் சாம்பியன்’ அமைப்பில், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே ஒரு சிறு கவை செயினை இடமும் வலமும் நகர்த்தும். பெடல் அச்சுக்குக் கீழே ஸ்பிரிங் பொருத்திய கையொன்று செயின் தொய்வை இழுத்துப் பிடிக்கும்.

டிரெய்லியரும் ஒதுக்கிவைக்கப்பட்ட கருவிதான். செந்தெத்தியேன் நகரில் ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவி, மலைச்சாலைக்குப் பல கியர் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வாதாடிவந்தார். ‘டூர் த பிரான்ஸ்’ பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்குக் கியர் மாற்றுவது வயதானவர்களின் வசதியாகத் தோன்றியது. முன்னணி வீரர்கள் அந்தப் பந்தயத்தில் டிரெய்லியரைத் தாராளமாகப் பயன்படுத்த 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வென்றவர் ரொஜே லாபெபி.

டிரெய்லியர் அன்று உள்ளே வந்துவிட்டது. சாய்வு சைக்கிள் வெளியிலேயே நின்றது. பந்தயம் இல்லாத இடத்தில் தொழிற்சாலை முதலீடும் இல்லை. ஆகவே அடுத்த அரை நூற்றாண்டில் நிகழ்ந்த கியர் முன்னேற்றம் அனைத்தும் நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளின் அளவுக்கே நடந்தது. 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் கம்பன்யோலோ இணைகர வடிவ டிரெய்லியரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1964-இல் ஜப்பானின் சன்டூர் அந்த இணைகரத்தைச் சாய்த்து வைத்தது. இதனால் வழிகாட்டும் சிறு உருளை பல்சக்கரங்களின் சரிவை ஒட்டியே நகர்ந்தது, செயின் தடுமாறாமல் ஏறியது. சன்டூரின் காப்புரிமை முடிந்த 1980களில் மற்றவர்களும் இதையே கைக்கொண்டார்கள்.

கலிபோர்னியாவில் 1975-இல் செஸ்டர் கைல் முதலியோர் வடிவக் கட்டுப்பாடு இல்லாத மனித விசை வண்டிப் பந்தயம் நடத்தியதும் சாய்வு சைக்கிள் மறுபடி எழுந்தது. 1986-இல் ஃப்ரெட் மார்க்கம் ‘கோல்டு ரஷ்’ என்ற சாய்வு வண்டியில் மணிக்கு 105 கி.மீ. வேகத்தைத் தொட்டார். இந்த வண்டிகளுக்கான கியர் முழுக்க இரவல். தொடக்கத்தில் இரவல் வாங்குவது எளிதாகவும் இருந்தது. கியர் மாற்றும் கைக்கருவியான ஷிஃப்டரில் அப்போது ‘கிளிக்’ கிடையாது. செயின் சரியாக அமரும்வரை ஓட்டுநர் நெம்புகோலை நகர்த்துவார். எந்த ஷிஃப்டரும் எந்த டிரெய்லியரோடும் ஒத்துப்போனது.

ஷிமானோ நிறுவனம் 1984-இல், ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் மாறும் முறையைக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. எட்டுப் பல்சக்கரத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த சக்கரங்களின் மையங்களுக்கு இடையே 4.8 மி.மீ. தூரம். ஷிமானோ டிரெய்லியர், இழுக்கப்படும் ஒவ்வொரு மில்லிமீட்டர் கேபிளுக்கும் 1.7 மி.மீ. நகரும். எனவே ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு 2.8 மி.மீ. இழுத்தால் போதும். இழுவைக்கு ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று நகரும் ஸ்ராம் நிறுவன டிரெய்லியரை அதே ஷிஃப்டரில் கட்டினால் 3 மி.மீ. சொச்சம்தான் நகரும், செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே கிடந்து கரகரக்கும்.

சாய்வு சைக்கிளில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. கேபிளின் நீளமும் வளைவும் அதிகம்; உறைக்குள் உராய்வால் கொஞ்சம் இழுவை வீணாகும். 1.7 மடங்கு பெருக்கும் டிரெய்லியர் அந்தப் பிழையையும் பெருக்கிவிடும். கைப்பிடியை முறுக்கிக் கியர் மாற்றும் ஷிஃப்டரோடு 1987-இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்ராம், 1990களின் நடுவில் கொண்டுவந்த ஒன்றுக்கு ஒன்று முறை சாய்வு வண்டிகளுக்குப் பொருந்தியது இதனால்தான். இருக்கைக்கு அடியில் கைப்பிடி இருந்தாலும் அந்த முறுக்கு ஷிஃப்டரைப் பொருத்தலாம்.

பத்து கியர் காலத்தில் மற்றொரு சிக்கல் சேர்ந்தது. சாய்வு வண்டியில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. ஆகவே ஏற்றத்துக்கு மிகச் சிறிய கியர் தேவை. அதற்கு, செயினைத் தாங்கும் கூடு நீண்டிருக்கும் மலை சைக்கிள் டிரெய்லியர்தான் தோது. சாலை சைக்கிள் ஷிஃப்டரோடு அதைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. ஷிமானோ தன் பத்து கியர் மலை சைக்கிள் வரிசைக்கு இழுவை விகிதத்தை மாற்றியதும், ஒரே நிறுவனத்தின் இரண்டு பத்து கியர் பாகங்களே ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போயின. ஸ்ராம் தன் பத்து கியர் வரிசையில் இரண்டுக்கும் ஒரே விகிதம் வைத்தது.

முன் டிரெய்லியரின் கதை வேறு. வழக்கமான சைக்கிளில் அது இருக்கைக் குழாயைப் பற்றிக்கொள்ளும். சாய்வு வண்டியிலோ முன்னால் நீட்டிய குழாயில் தனிக் கம்பம் நட்டு, செயின் செல்லும் சாய்வுக்கு ஏற்பக் கூட்டைத் திருப்பி வைக்க வேண்டும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கவே பலர், உள்ளேயே மூன்று கியர் கொண்ட ஹப்பையும் பின் பல்சக்கரத் தொகுப்பையும் இணைத்த சாக்ஸ் நிறுவன அமைப்பை நாடினார்கள். 1997-இல் சாக்ஸின் சைக்கிள் பிரிவை வாங்கிய ஸ்ராம் அதை ‘டூயல்டிரைவ்’ என்ற பெயரில் தொடர்ந்தது. ஹப்புக்குள் கியர் இருப்பதால் சிக்னலில் நின்றபடியே அதைக் குறைக்கலாம் என்பது கால் நீட்டி ஓட்டுபவருக்குப் பெரிய வரம்.

இன்று மின்மோட்டார் டிரெய்லியர்கள் வந்துவிட்டன. ஷிமானோ 2009-இல் மின்கம்பி வழியாகவும், ஸ்ராம் 2015-இல் கம்பியே இல்லாமலும் கியர் மாற்றிக் காட்டின. இழுவைக் கேபிளின் நீளமும் உராய்வும் இங்கே தலையிடுவதில்லை. ஆனாலும் ஷிஃப்டரும் டிரெய்லியரும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையா, கூட்டின் நீளம் மிகப்பெரிய பல்சக்கரத்துக்குப் போதுமா, சாய்வு வண்டிக்காக இரண்டரை மூன்று செயின்களை இணைத்துப் பெறும் நீளத்தின் தொய்வை அது தாங்குமா என்பதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.