பழைய அமெரிக்கச் செப்புக் காசு: துலக்கினால் மதிப்பு போய்விடும்

அமெரிக்காவில் 1792 ஏப்ரல் 2ஆம் தேதி நாணயச் சட்டம் நிறைவேறியது. அதன்படி பிலடெல்பியாவில் அமைந்த நாணயச்சாலை, 1793இல் செம்பால் ஆன ஒரு சென்ட் காசை வெளியிட்டது. முன்புறம் சுதந்திர தேவியின் முகம், பின்புறம் 15 மாநிலங்களைக் குறிக்கும் 15 வளையச் சங்கிலி. சுதந்திரத்துக்குச் சங்கிலியா என்று கண்டனம் எழுந்தது. 36,103 காசுகளோடு அந்த வடிவம் நின்றது. சங்கிலி இருந்த இடத்தில் இலைவளையம் வந்தது. இன்று சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடுவது அந்தச் சங்கிலிக் காசைத்தான்.

முதலில் 13.48 கிராம் இருந்த காசின் எடை, செம்பு விலை ஏறியதால் 1795இல் 10.89 கிராமாகக் குறைந்தது. தயாரிப்புச் செலவு மீண்டும் உயரவே, 1857இல் பெரிய சென்ட், அரை சென்ட் இரண்டும் நிறுத்தப்பட்டன.

ஆண்டு, வடிவம், நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தே விலையை முடிவு செய்கின்றன. காசின் நிலையை 1 முதல் 70 வரை மதிப்பிடும் முறையை வில்லியம் ஷெல்டன் 1949இல் இந்தச் செப்புக் காசுகளுக்காகவே வகுத்தார். இன்று மற்ற நாணயங்களுக்கும் அதன் திருத்திய வடிவமே பயன்படுகிறது.

1799ஆம் ஆண்டுக் காசு அரிது. 1798 காசில் கடைசி எண்ணைத் திருத்திய போலிகளும் உண்டு. எனவே, வாங்குமுன் பூதக்கண்ணாடியால் எண்களைப் பாருங்கள்.

பழைய காசு கையில் கிடைத்தால், செம்புக் குடத்தைப் போலப் புளி போட்டுத் துலக்காதீர்கள். காலம் படியவைத்த பழுப்பு நிறம் அழுக்கல்ல. அதைத் தேய்த்து எடுத்தால் காசு பளபளக்கும், விலை சரியும். போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.