பித்தளைப் பெட்டியில் வெட்டிய பெயர்



2014ஆம் ஆண்டில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தனிப்பாடமாக வந்தது. அதில் குடும்ப வழிமரபை வரையும் பகுதி ஒன்று உண்டு. அதைக் கற்பிக்கும் போதெல்லாம் நான் காண்பது ஒரே காட்சிதான். தாத்தா, பாட்டி வரை பெயர்கள் வரும். அதற்கு மேலுள்ள கட்டங்கள் வெறுமையாகவே நிற்கும். எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்னும் கேள்விக்குச் சிலர் 'இந்தியா' என்று எழுதுவர். சிலர் குளுவாங் என்றோ கூலாய் என்றோ எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பர்.

இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றெண்ணி, வீட்டில் இருக்கும் மிகப் பழைய பொருளைக் கொண்டு வரும்படி ஒரு முறை வகுப்பில் கூறினேன். மறுநாள் பழைய நாணயங்கள், ஒரு ரப்பர் வெட்டும் கத்தி, மண்ணெண்ணெய் விளக்கு எனப் பலவும் வந்தன. ஒரு மாணவி நாளிதழில் சுற்றி ஒரு பித்தளைப் பெட்டியைக் கொண்டு வந்தாள். உள்ளே ஊசியும் நூலும் சட்டைப் பொத்தான்களும் கிடந்தன. "பாட்டியோட தையல் பெட்டி, சார்" என்றாள்.

அது தையல் பெட்டி அன்று. வெற்றிலைப் பெட்டி. மூடியைத் திறந்தால் மேலே எடுக்கக்கூடிய தட்டு ஒன்று. அதில் பாக்குக்கும் கிராம்பு ஏலத்துக்கும் சிறு அறைகள். தட்டைத் தூக்கினால் அடியில் வெற்றிலை அடுக்கும் இடம். சுண்ணாம்புக் கரண்டகத்தையும் பாக்குவெட்டியையும் காணவில்லை. தமிழில் இதற்குச் 'செல்லம்' என்றே ஒரு பெயருண்டு. குழந்தையைக் கொஞ்சும் சொல்லும் இந்தப் பெட்டியின் பெயரும் ஒன்றாகவே அமைந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும்.

நம் முன்னோர் வீடுகளில் இத்தகைய பெட்டிகள் பல இருந்தன. அடுக்களையில் அஞ்சறைப் பெட்டி இருந்தது. கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் ஆகியவற்றை வைப்பதற்கு ஐந்து அறைகள் என்பது பெயர்க்காரணம். எண்ணிப் பார்த்தால் ஏழு கிண்ணங்கள் இருப்பதும் உண்டு! சாமி மாடத்தில் குங்குமச் சிமிழும் திருநீற்றுப் பெட்டியும் இருந்தன. கரண்டகத்தின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்பு காய்ந்து கட்டியாகிவிடும். பல் போன முதியவர்களுக்குப் பாக்கை இடிக்கச் சிற்றுரலும் இருந்தது. மலாய்க்காரர்களிடமும் அத்தகைய கருவி உண்டு, 'கோபேக்' என்பர். அவர்களுடைய 'தெபாக் சிரே' நம் வெற்றிலைப் பெட்டிக்கு நெருங்கிய உறவு. மலாய் மொழியில் வழங்கும் 'பெத்தி' என்ற சொல்லோ நம் 'பெட்டி'தான்.

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளியும் உப்பும் பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். அதனால்தான் அஞ்சறைப் பெட்டியில் அவ்விரண்டுக்கும் இடமில்லை. அவை சாடியிலும் மரவையிலும் இருந்தன. சமைக்கும் பாத்திரங்களுக்கு உட்புறம் ஈயம் பூசினார்கள். ஈயம் என்று நாம் வழக்கில் சொல்லும் அது உண்மையில் வெள்ளீயம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்தின் வெள்ளீயத்தில் ஏறக்குறைய பாதியை மலாயாவே தந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து அடுக்களை ஒன்றில் பூசிய ஈயம் பேராக் மண்ணிலிருந்து போனதாகவும் இருந்திருக்கக்கூடும்.

நம் ஜொகூருக்கும் வெற்றிலைப் பெட்டியோடு ஒரு தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்குள்ள ஆற்றங்கரைகளில் சீனர்கள் 'கங்சூ' முறையின் கீழ்க் கம்பீரும் மிளகும் பயிரிட்டனர். அம்முறை 1917இல் நீக்கப்பட்டது. கம்பீர் பெரும்பாலும் தோல் பதனிடவும் சாயமேற்றவும் ஏற்றுமதியானது. வெற்றிலையோடு மெல்லுவதற்கும் பயன்பட்டது. மாநிலச் சின்னத்தில் இன்றும் அவ்விரு செடிகளும் உள்ளன. என் பாட்டி கம்பீரைத்தான் 'காசுக்கட்டி' என்பார். அது வேறு மரத்திலிருந்து எடுப்பது என்று நான் படித்துவிட்டுச் சொன்னபோது, "வாய் சிவந்தால் சரி" என்று முடித்துவிட்டார்.

இனி அந்த மாணவியின் பெட்டிக்கு வருகிறேன். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஏதோ புள்ளிகள் தெரிந்தன. முற்காலத்தில் பித்தளைப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். சிற்றுளியைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புள்ளிகளாலேயே எழுத்தை அமைப்பார்கள். திருமணத்துக்கும் விருந்துக்கும் பாத்திரங்கள் வீடு விட்டு வீடு போகும். திரும்பி வர வேண்டுமே! சீர்வரிசைப் பொருளாயின் மணப்பெண்ணின் பெயரோ கொடுத்தவரின் பெயரோ ஊரின் பெயரோ இருக்கும்.

வெண்கட்டித் தூளைத் தேய்த்துத் துடைத்தேன். பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கியது. மாணவர்கள் கூடி நின்று எழுத்துக் கூட்டினார்கள். "குளித்த..." என்று படித்தவர்கள் அடுத்த எழுத்தில் நின்றுவிட்டார்கள். யார் குளித்தார் என்று ஒருவன் கேட்கவே வகுப்பே சிரித்தது. அடுத்த எழுத்து, யானைத் துதிக்கையைப் போல் மேலே வளைந்த பழைய 'லை'. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு லை, ளை, ணை, னை ஆகியவற்றை அப்படித்தான் எழுதினோம். குளித்தலை! காவிரிக் கரையில் உள்ள ஊர்; முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது, இன்று கரூர் மாவட்டத்தில் உள்ளது. காவிரிக் கரை வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர் பெற்றதல்லவா? ஊர்ப்பெயரை அடுத்து இரண்டு முதலெழுத்துகள் இருந்தன.

அன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் நெடுநேரம் எனக்கு மனம் சரியில்லை. காரணம் உண்டு. எங்கள் பாட்டியிடமும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. தோட்டத்து லயத்தை விட்டு மலிவு விலை வீட்டுக்குக் குடிபெயர்ந்த ஆண்டில், பழைய சாமான் வாங்குபவர் வாசலுக்கு வந்தார். எவர்சில்வர் டப்பாக்கள் வந்துவிட்ட காலம் அது. குடம், சொம்பு, அஞ்சறைப் பெட்டி, செல்லம் எல்லாவற்றையும் கோணியில் கட்டி எடைக்குக் கொடுத்தோம். தூக்கிக் கொண்டு போய்த் தராசில் வைத்தவன் நான். அடிப்பாகத்தை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. வழிமரபுப் படத்தில் என் கட்டமும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இப்படிப் போனவை எத்தனையோ. 1950களிலும் 60களிலும் நடந்த தோட்டத் துண்டாடலில் வீடிழந்தவர்கள், 1969க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டு கிடைக்காமல் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய பல்லாயிரவர், பிறகு பட்டணத்துக்கு வந்தவர்கள் எனப் பலரும் கனமான பொருள்களைத்தான் முதலில் விற்றார்கள். ராஜூலா கப்பலின் மேல்தளத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் கொண்டு வந்த பொருள்களே மிகக் குறைவு. இந்திய அரசாங்கம் 1938இல் தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்திய பிறகு அந்த வரத்தும் குறைந்துபோயிற்று.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பித்தளைப் பெட்டி இருந்தால் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளப்பாக்க வேண்டா. ஒவ்வொரு தேய்ப்புக்கும் எழுத்து கொஞ்சம் மங்கும். அடிப்பாகம், மூடியின் உட்புறம், கீல் இருக்கும் விளிம்பு ஆகியவற்றைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். படம் எடுத்து வையுங்கள். தமிழ் எண்கள் தென்பட்டால் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

மறுநாள் அந்த மாணவி தன் தாளை நீட்டினாள். அப்பாவின் தாத்தா கட்டத்தில் 'குளித்தலை' என்று எழுதியிருந்தாள். பெட்டி பாட்டிக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். பாட்டியின் அம்மா கொடுத்தாராம். அவருக்கு அவருடைய அம்மா கொடுத்ததாம். அப்படியானால் அந்த ஊர் தாத்தாவின் ஊராக இருக்க வேண்டும் என்பதில்லை, பெட்டி பெண்கள் வழியாக வந்திருக்கிறது என்றேன். நம் பெயரோடு ஒட்டி வருவது தந்தையின் பெயர் மட்டுமே; தாயின் தாயைத் தேட நமக்கு எந்தப் பதிவு இருக்கிறது?

அவள் தாளைப் பார்த்தாள். படத்தில் பாட்டியின் அம்மாவுக்குக் கட்டமே இல்லை. அழிப்பானை எடுத்துத் தாத்தாவின் கட்டத்திலிருந்த ஊரை அழித்தாள். பிறகு அளவுகோலை வைத்து, தாளின் ஓரத்தில் இரண்டு புதிய கட்டங்களை வரையத் தொடங்கினாள்.