திண்ணைக்கு வந்த இன்ஸ்பெக்டர்

புதுக் கருவி எது வகுப்பறைக்குள் நுழைந்தாலும் முதலில் பழி விழுவது வாத்தியார் தலையில்தான். அவருக்குக் கற்றுக்கொள்ள மனமில்லை, வயதாகிவிட்டது, சாக்பீஸை விட்டால் வேறொன்றும் தெரியாது என்பார்கள். 2024-இல் தமிழ்நாடு அரசு 22,931 பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை, தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி என்று திட்டம் போட்ட பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை. தென்னூர், உறையூர், புத்தூர் எனத் திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றிக் கிடக்கும் ஊர்களும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கமும் இருநூறு வருஷமாகப் பார்த்துவரும் பள்ளிக்கூட வரலாறோ வேறு கதை சொல்கிறது. ஆசிரியர் கருவியைக் கண்டு மிரண்டதற்குச் சான்று குறைவு. கருவியோடு சேர்ந்து வந்த மேற்பார்வையைக் கண்டு சுணங்கியதற்குத்தான் சான்று நிறைய.

1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். திருச்சிராப்பள்ளி மாவட்டக் கணக்கில் 790 பள்ளிகள் இருந்தன. 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதற்கும் 12,498. இவற்றில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அங்கே ஆசிரியர்தான் அச்சகம். பனையோலையை நறுக்கி, எழுத்தாணியால் நெடுங்கணக்கைக் கீறி, மஞ்சளும் கரியும் கோவையிலைச் சாறும் தடவி எழுத்தை எடுப்பாக்கிப் பையன் கையில் கொடுப்பார். அதற்கு முன்பே அவன் மணலில் விரல் தேய எழுதிப் பழகியிருப்பான். ஒருவன் கொன்றை வேந்தனில் இருப்பான்; அவனை ஒட்டி உட்கார்ந்திருப்பவன் எண்சுவடியில் காணி, அரைக்காணி என்று இறங்கி முந்திரியில், அதாவது 1/320-இல், திணறிக்கொண்டிருப்பான். அடுத்த ஓலை யாருக்கு, எப்போது என்பது ஆசிரியர் தீர்ப்பு. கூலி ஊராரிடமிருந்து வந்தது, பாதி தானியமாக. மேலே கேட்க ஆள் கிடையாது.

இந்த மணல் ஒரு காலத்தில் புதுத் தொழில்நுட்பமாகவும் இருந்தது, வெள்ளைக்காரருக்கு. ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல் 1789 முதல் சென்னையில் ராணுவ அனாதைப் பையன்களின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாளர். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். திரும்பி வந்து, தம் பள்ளியிலும் அப்படியே எழுத்துச் சொல்லித் தரும்படி துணையாசிரியரிடம் சொன்னார். அவர் ஆகாது என்றுவிட்டார். பெல் அந்த வகுப்பைத் தூக்கி ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கொடுத்தார். அவன் நடத்திக் காட்டினான். 1797-இல் பெல் லண்டனில் அறிக்கை வெளியிட, பையனே பையன்களுக்குச் சொல்லித் தரும் அந்த ஏற்பாடு மெட்ராஸ் முறை என்ற பெயரில் உலகம் சுற்றியது. இந்தக் கதையைச் சோம்பேறி ஆசிரியருக்கும் சுட்டிப் பையனுக்கும் நடந்த போட்டியாகவே எல்லோரும் சொல்வார்கள். நமக்குக் கிடைத்திருப்பது முதலாளி தரப்பு வாக்குமூலம் மட்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எழுத்துச் சொல்லித் தருவதுதான் அந்தத் துணையாசிரியரின் பிழைப்பு. சம்பளமில்லாமல் ஒரு பையனே அதைச் செய்யலாம் என்று நிரூபிக்கப்போகும் கருவியை அவர் ஆசையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

அச்சுப் புத்தகத்தின் கதையையும் பார்க்கலாம். திருச்சியில் வாழ்ந்து பாடம் சொன்ன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் இளமைக் காலத்தில் ஓர் இலக்கண நூலைப் பார்ப்பதற்கே அதன் ஏட்டை வைத்திருப்பவர் பின்னால் அலைய வேண்டியிருந்தது. அவருடைய மாணவர் பூவாளூர் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரிக்குப் போய், மணியடித்தால் வகுப்பு, மணியடித்தால் முடிவு என்ற ஆங்கிலப் பாணிக் கல்லூரியில் தமிழ் நடத்தினார். 1880-இல் அந்த இடத்துக்கு வந்த உ.வே. சாமிநாதையர் திண்ணையில் ஏடு பிடித்துப் படித்தவர்; 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். ஏட்டிலிருந்து அச்சுக்குத் தாவ ஒரு தலைமுறைகூடத் தேவைப்படவில்லை. கருவி அவர்கள் கைக்கு வந்தது, அவர்கள் தேவைக்காக வந்தது. அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

சாதாரணத் திண்ணை வாத்தியாருக்கு அதே அச்சுப் புத்தகம் வேறு வழியில் வந்தது. 1860-களில் தொடங்கி சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற முறை நடப்புக்கு வந்தது. இங்கிலாந்தில் 1862-இல் கொண்டுவந்ததன் நகல் அது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். தேறியவனுக்கு இவ்வளவு என்று ஆசிரியருக்குப் பணம். இன்ஸ்பெக்டர் கேட்கும் பாடத்தில் முந்திரிக்கும் அரைக்காணிக்கும் என்ன வேலை? வேகத்துக்கேற்ப ஓலை மாற்றிக் கொடுத்தவர், எல்லாரையும் ஒரே பக்கத்தில் நிறுத்திப் பரீட்சை நாளுக்குத் தயார்செய்பவராக மாறினார். அவர் புத்தகத்தை வெறுத்தாரா, அந்தப் பரீட்சையை வெறுத்தாரா என்று அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இந்திய அரசு 1904-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானத்தில் அந்த மானிய முறையைக் கைகழுவியது. புத்தகம் மட்டும் தங்கிவிட்டது.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்குகிறாயே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. யாருக்கு ஓலை கொடுப்பது என்பதும் வாத்தியார் தீர்ப்பாகவே இருந்தது; மன்றோ காலக் கணக்குகளில் பெண்பிள்ளைகள் சொற்பம்; தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. பிரம்படி தனிக் கதை. அரசின் கண் அங்கே விழுந்திராவிட்டால் அவர்களுக்குப் பள்ளிக் கதவு திறந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கதவைத் திறந்தது புத்தகமோ சிலேட்டோ அல்ல; 1893-இல், அன்று பஞ்சமர் எனப்பட்ட ஒதுக்கப்பட்டோரின் கல்விக்காகச் சென்னை அரசு போட்ட ஆணை போன்றவையும், அவற்றுக்குப் பின்னாலிருந்த போராட்டமும்தான். யாரைச் சேர்க்கிறாய் என்று கேட்கும் மேற்பார்வை வேறு. நேற்று எந்தப் பக்கம் நடத்தினாய் என்று கேட்கும் மேற்பார்வை வேறு. முன்னதற்காகப் பின்னதையும் பொறுத்துக்கொள் என்று சொல்வது கணக்கில் சேராது.

வயதான ஆசிரியருக்குக் கணினி ஏறாது என்பது இன்னொரு ஆட்சேபம். தனி மனிதர் விஷயத்தில் அது மெய்யாக இருக்கலாம். ஒரு தொழிலைப் பற்றிய தீர்ப்பாக அது நிற்காது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் ஆசிரியரை நாற்காலியிலிருந்து பாய்க்கு இறக்கியது. சுவரின் அடிப்பாகம் பிள்ளைகளின் கரும்பலகையானது, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த தாள்கள் தொங்கின. ரிஷி வேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவந்த மாநகராட்சி ஆசிரியர்கள் தங்கள் கையாலேயே பாட அட்டைகளைத் தயாரித்ததில்தான் அது தொடங்கியது. பின்னால் அது தளர்ந்தது. மேலிருந்து ஒரே அச்சாக எல்லாப் பள்ளிக்கும் இறக்கியதற்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம். இப்போது கைக்கணினி வந்திருக்கிறது. தென்னூர்ப் பக்கம் ஓர் ஆசிரியை அதில் பின்னக் கணக்குக்குப் படம் போட்டுக் காட்டலாம். வருகைப் பதிவு, நலத்திட்ட விவரம், மதிப்பீட்டு மதிப்பெண் என்று எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டியவையும் அவர் தலையில்தான். பதிவு வேலையிலிருந்து தங்களை விடுவிக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் சில ஆண்டுகளாகவே கேட்டுவருகின்றன. அந்தக் கோரிக்கை பாடம் நடத்தும் கருவியை எதிர்ப்பதல்ல.